ஏட்டில் வந்த விடுதலையும் வீட்டுக்கு வந்த விடுதலையும்



வெள்ளி விழாவில் பேச வருபவர் கழகத்தின் பணிகளை எடுத்துரைப்பது மரபு. அவற்றைச் செயலாளர் அவர்களின் அறிக்கை செவ்வனே கூறிவிட்டது. ஆகவே நாம் இங்கு வேறொரு நாட்டின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம். அது அமெரிக்க உள்நாட்டுப் போரின் வரலாறு. பழனி மலையில் கூடியிருக்கும் நமக்கும் கடல் கடந்த அந்தப் போருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு.

கோடைக்கானலில் 1845-ஆம் ஆண்டில் முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் மதுரையிலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிமார்கள். அவர்களுடைய தாய்நாடு அடிமை முறையின் பொருட்டு இரண்டாகப் பிளந்து போரிட்டுக்கொண்டிருந்த 1863-ஆம் ஆண்டில்தான் மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு இங்கே ஏரியை அமைத்தார். அந்நாளில் மலைக்கு வண்டிச் சாலை கிடையாது. பெரியகுளத்துப் பக்கமிருந்து செங்குத்தான பாதையில் துரைமார்களையும் துரைசானிகளையும் டோலியில் வைத்துச் சுமந்து வந்தவை கூலியாட்களின் தோள்கள். ஏரிக்கு ஒரு வரலாறு எழுதப்பட்டது. அந்தத் தோள்களுக்கு எழுதப்படவில்லை. அதனால்தான் இன்று இந்த வரலாற்றைப் பேசத் துணிந்தோம்.

போர் மூண்ட விதம்

1860-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தனர். தென் மாநிலங்களின் பருத்தித் தோட்டங்கள் அவர்களுடைய உழைப்பால் செழித்தன. அவர்களை விற்கலாம், வாங்கலாம், தாயையும் பிள்ளையையும் பிரித்துத் தனித்தனியே ஏலம் விடலாம். பல தென் மாநிலங்களில் அடிமைக்கு எழுத்தறிவிப்பதே சட்டப்படி குற்றம். இளைஞர்கள் இதைக் கருத்தில் இருத்துக.

புதிய நிலப்பகுதிகளுக்கு அடிமை முறை பரவக் கூடாது என்ற கொள்கையுடைய ஆபிரகாம் லிங்கன் 1860 நவம்பரில் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிந்து சென்றது. அதனைத் தொடர்ந்து மொத்தம் பதினொரு மாநிலங்கள் பிரிந்து தனிக் கூட்டமைப்பை நிறுவின. மாநில உரிமைக்காகவே பிரிந்தோம் என்று பிற்காலத்தில் பலர் வாதிட்டனர். ஆனால் அக்கூட்டமைப்பின் துணைத் தலைவர் ஸ்டீபன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குத் தாழ்ந்தவர் என்பதே தங்கள் அரசின் மூலைக்கல் என 1861 மார்ச்சிலேயே வெளிப்படையாகப் பேசிவிட்டார். 1861 ஏப்ரல் 12 அன்று சம்டர் கோட்டையின் மீது பீரங்கிகள் முழங்கின, போர் தொடங்கியது.

அடிமைகள் வாளாவிருக்கவில்லை

ஒன்றியத்தைக் காப்பதே நோக்கம், மாநிலங்களுக்குள் உள்ள அடிமை முறையில் தலையிட மாட்டோம் என்றுதான் லிங்கன் தொடக்கத்தில் கூறினார். அந்த நோக்கத்தை மாற்றியதில் அடிமைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வடபடை நெருங்கிய இடங்களிலெல்லாம் அவர்கள் தோட்டங்களை விட்டு, குழந்தை குட்டிகளோடு இரவோடிரவாகப் படை முகாம்களுக்கு வந்து சேர்ந்தனர். வந்தவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு அரசு விடை சொல்லியே ஆக வேண்டியதாயிற்று. 1862 செப்டம்பரில் ஆன்டீடம் போருக்குப் பின் எச்சரிக்கை அறிவிப்பும், 1863 ஜனவரி 1 அன்று விடுதலைப் பிரகடனமும் வெளிவந்தன. அப்பிரகடனமும் கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது.

அதன் பிறகு ஏறத்தாழ ஒரு இலட்சத்து எண்பதாயிரம் கறுப்பின வீரர்கள் வடபடையில் சேர்ந்தனர். வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர். கறுப்பு வீரனுக்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். மாசசூசெட்ஸ் 54-ஆம் படைப்பிரிவினர், குறைந்த கூலியைத் தொட மாட்டோம் என்று மறுத்துவிட்டு, ஊதியமின்றியே போர்க்களத்தில் நின்றனர். 1864-இல் சம ஊதியச் சட்டம் வந்தது. உயிரைக் கொடுக்கும் இடத்திலும் கூலியில் வேற்றுமை! இதை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கிலும் விக்ஸ்பர்க்கிலும் தென்படை தோற்றது. 1865 ஏப்ரல் 9 அன்று தளபதி லீ சரணடைந்தார். ஐந்தாம் நாள் லிங்கன் சுடப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் அரசியல் சட்டத்தின் 13-ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. அதற்குள் இரு தரப்பிலும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர்.

அந்தப் போரின் அலை நம் நாட்டையும் தொட்டது. அமெரிக்கப் பருத்தி நின்றதால் இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. திருநெல்வேலி, கோவைச் சீமைகளின் கரிசல் நிலத்தில் பருத்தி பொன்னாயிற்று. வணிகர் வளம் பெற்றனர். பருத்தி எடுத்த கைகளின் நிலை மாறவில்லை. 1873-இல் மராட்டியத்தில் ஜோதிராவ் புலே, அடிமைத்தனத்தைப் பற்றித் தாம் எழுதிய 'குலாம்கிரி' நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார்.

நம் மலைக்கு வராத ஓலை

இனி நம் கதைக்கு வருவோம். 1843-இல் கம்பெனி அரசு ஐந்தாம் எண் சட்டத்தை இயற்றியது. ஒருவன் இன்னொருவனைத் தன் அடிமை என்று உரிமை கொண்டாடினால் நீதிமன்றம் அதை ஏற்கலாகாது என்றது அச்சட்டம். அடிமைகளை வாங்குவதும் விற்பதும் 1862-இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டப்படி குற்றமாயிற்று. ஆக, அமெரிக்கருக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முன்பே, போரின்றி, நமக்கு விடுதலை எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அதை நம் சேரிகளில் படித்துச் சொல்ல ஆள் இல்லை. டெக்சாஸ் மாநிலத்து அடிமைகளுக்குப் பிரகடனச் செய்தி இரண்டரை ஆண்டு கழித்து, 1865 ஜூன் 19 அன்று எட்டியது. அந்நாளை அம்மக்கள் இன்றும் விழாவாகக் கொண்டாடுகின்றனர். நம் முன்னோர்க்குச் செய்தி எட்டிய நாள் எது? கொண்டாட நமக்கு ஒரு தேதிகூட இல்லை.

இம்மலையின் ஆதிக்குடிகளான புலையர் மக்கள், நிலமுடையோரிடம் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு உழைத்தனர் என்பதை ஆங்கிலேயர் காலக் குறிப்புகள் பதிவு செய்துள்ளன. பின்னர் 1964-இல் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. அவ்வாறு தாயகம் திரும்பியவர்களில் பலர் இம்மலைக்கும் வந்தனர். வாட்டில் காடுகளிலும் கற்பூர மரக் காடுகளிலும் பட்டை உரிக்கவும் மரம் வெட்டவும் காண்டிராக்டர்களிடம் முன்பணம் வாங்கி, அந்த முன்பணத்திலேயே சிறைப்பட்டனர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. சங்கிலி போயிற்று, கணக்கு நோட்டு வந்தது.

அமெரிக்காவிலும் அதுவே நடந்தது. விடுதலை பெற்ற குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை நிலம் என்று 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் ஆணையிட்டார். அதே ஆண்டில் புதிய தலைவர் ஜான்சன் அந்நிலத்தைப் பழைய உடைமையாளரிடமே திருப்பிக் கொடுத்தார். நிலமில்லாதவர் வாரத்துக்கு உழுது கடனில் மூழ்கினர். 1877-இல் வடபடையின் காவலும் விலகியபின் வாக்குரிமையும் படிப்படியாகப் பறிபோயிற்று. பஞ்சமி நிலத்தின் கதையை அறிந்த நமக்கு இது புதிதன்று.

ஆனால் ஒன்றை மட்டும் எவராலும் திருப்பி வாங்க முடியவில்லை. அது கல்வி. விடுதலை பெற்றதும் கிழவரும் குழந்தைகளும் ஒரே பலகையில் அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தனர். 1913-இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற அண்ணல் அம்பேத்கர், அம்மக்களின் வரலாற்றை நன்கு அறிந்தவர். 1946-இல் கறுப்பின அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் நிலையும் தீண்டப்படாதார் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார்.

நம் கழகத்தின் தொடக்க ஆண்டுகளில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். நம் இரவுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பாடம் படித்த ஒரு சிறுமி, தந்தையின் வாரக் கூலியையும் பிடித்தத்தையும் தன் நோட்டில் தேதி போட்டு எழுதிவந்தாள். பூண்டு அறுவடை முடிந்து, தோட்டக்காரர் பாக்கி இன்னும் இருக்கிறது என்றபோது, தந்தை அந்த நோட்டைக் கொண்டுபோய் முன்னால் வைத்தார். இரண்டு நோட்டுகளையும் ஒத்துப் பார்த்தபோது, முன்பணம் இரண்டு மாதங்களுக்கு முன்பே அடைந்திருந்தது. மறு வாரம் அக்குடும்பம் கீழே இறங்கி வந்தது. அந்தப் பெண் இன்று இந்த அவையில் அமர்ந்திருக்கிறார். பெயரைச் சொல்வதை அவர் விரும்பமாட்டார். 1843-இல் எழுதப்பட்ட சட்டம் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது அன்றுதான்.

இளைஞர்களே! உங்களில் பலர் பட்டம் பெற்றுவிட்டீர்கள். கீழ்நாட்டு நகரங்களில் வேலை பார்க்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆயினும் இரவுப் பள்ளியில் இன்று பாடம் சொல்ல ஆளில்லாத நாட்கள் உண்டு. அறுவடைக் காலத்தில் பிள்ளைகளின் இருக்கைகள் காலியாவதும் உண்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டைப் படிக்கத் தெரிந்தவன் பக்கத்தில் இருந்தால் உதவும். ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு மாலைப் பொழுதைப் பள்ளிக்குக் கொடுங்கள். ஒரு வீட்டின் கணக்கைப் படித்துச் சொல்லுங்கள். நாற்பது இலட்சம் மக்களின் விடுதலைக்கு ஒரு போர் தேவைப்பட்டது. நம் மலையில் மிச்சமிருக்கும் வேலைக்கு ஒரு நோட்டும் ஒரு பேனாவும் உங்கள் மாலை நேரமும் போதும்.