பழைய தழும்புகளும் சிகிச்சையும்
(சம்பூரில் தாய்மார், மாணவியர் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



சுகாதாரத் துறையில் பணிபுரியும் பழைய மாணவியராகிய நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விடயம் பழைய தழும்புகள். 2006 ஏப்ரலில் தொடங்கிய குண்டுவீச்சு, வாகரை, மட்டக்களப்பு என்று நீண்ட இடப்பெயர்வு, நலன்புரி முகாம் வாழ்க்கை, 2015, 2016ஆம் ஆண்டுகளின் மீள்குடியேற்றம் என இவ்வளவையும் கடந்த இந்த ஊரில், செல் துண்டுக் காயமும் எரிகாயமும் பலரது உடம்பில் அடையாளம் விட்டிருக்கின்றன. பிள்ளைக்குக் கலியாணப் பேச்சு வந்ததும், "இதை இல்லாமல் ஆக்க ஒரு கிறீம் இல்லையா?" என்று கேட்கிறோம்.

முற்றாக இல்லாமல் ஆக்கும் மருந்து எதுவும் கிடையாது. ஆனால் தழும்பைத் தட்டையாக்கலாம், மென்மையாக்கலாம், நிறத்தை ஓரளவு மங்கச் செய்யலாம், கடியையும் இறுக்கத்தையும் குறைக்கலாம். அதற்கு முதலில் அது எவ்வகைத் தழும்பு என்று அறிய வேண்டும்.

காயத்தின் எல்லைக்குள் தடித்து நிற்பது ஒரு வகை. எல்லையைத் தாண்டி வளருவது கீலொயிட். காதுமடல், நெஞ்சு, தோள் ஆகிய இடங்களிலும், எம்மைப் போன்ற கருமை கூடிய தோலிலும் இது அதிகம் வரும். இதனை வெட்டி எடுப்பதோடு நிறுத்தினால் பெரும்பாலும் மீண்டும் வளரும். ஆகவே தழும்புக்குள் ஸ்ரீரொயிட் ஊசியை நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை போடுவார்கள். சிலிக்கன் தாளை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணித்தியாலமாவது ஒட்டி, இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும். புதிய தழும்பில் பலன் கூடுதல், பழையதில் குறைவு. முழங்கை, கழுத்து மடிப்புகளில் தோல் இழுத்துப் பிடித்திருந்தால் கிறீம் உதவாது. உடற்பயிற்சிச் சிகிச்சையோ சத்திரசிகிச்சையோ வேண்டும். எத்தனை வருடம் கழிந்தாலும் அதைச் செய்யலாம். லேசர் சிகிச்சை எமது தோலில் கறுப்பையும் வெள்ளையையும் உண்டாக்கக்கூடும் என்பதால், அனுபவமுள்ள தோல் வைத்திய நிபுணரிடம் மட்டுமே செய்ய வேண்டும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. தேசிக்காய்ப் புளியைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து முன்னையிலும் கறுக்கும். பெயர் விபரம் இல்லாத வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசமோ கடும் ஸ்ரீரொயிட்டோ இருக்கலாம். முன்னையது சிறுநீரகத்தைப் பாதிக்கும், பின்னையது தோலை மெலியச் செய்யும். தேங்காயெண்ணெய் தொட்டு மெதுவாகத் தேய்ப்பதில் தவறில்லை. வயலுக்கும் கடற்கரைக்கும் போகையில் தழும்பைத் துணியால் மூடுங்கள்.

இன்னும் மூன்று விடயங்கள். பழைய எரிகாயத் தழும்பு வெடித்து ஆறாத புண்ணானால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள், அது புற்றுநோயாகவும் இருக்கலாம். உடம்பில் செல் துண்டு இருப்பவர்கள், வெளிநாட்டிலுள்ள எம் சகோதரிகள் உட்பட, எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காயத்துக்கு நட்டஈடோ நீதியோ புகலிடமோ கோருபவர்கள், சிகிச்சைக்கு முன்னரே தழும்பைப் படமெடுத்து வைத்திய அறிக்கை பெற்றுக்கொள்ளுங்கள். 2019 மார்ச்சில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், இலங்கைத் தமிழர் ஒருவரின் எரிகாயத் தழும்புகள் பற்றிய வைத்திய சாட்சியம் சரியாக மதிப்பிடப்படவில்லை என்று கண்டு, அவருடைய புகலிட வழக்கை மீள விசாரிக்க அனுப்பியது. மங்கிய தழும்பு பிறகு சாட்சி சொல்லாது.

தாய்மாரிடம் ஒரு வேண்டுகோள். சிகிச்சை வேண்டுமா என்பதைத் தழும்பை உடையவளே தீர்மானிக்கட்டும். வேண்டும் என்கிறவளை "இனி எதற்கு?" என்று தடுக்காதீர்கள். வேண்டாம் என்கிறவளை மாப்பிள்ளை வீட்டாருக்காக வற்புறுத்தாதீர்கள். அரச வைத்தியசாலைகளின் தோல் சிகிச்சைக் கிளினிக்கில் கட்டணம் இல்லை. தனியே போகத் தயங்கினால் எம்மிடம் சொல்லுங்கள், கூட வருவோம். தூர தேசத்துச் சகோதரிகளே, இங்கே எளிதில் வாங்க முடியாதது சிலிக்கன் தாள். நூற்றாண்டுக்கு எதைத் தரலாம் என்று கேட்டிருந்தீர்கள், அதைத் தாருங்கள்.