கூட்டத்தின் சொல் காத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே உள்ள வட்டுக்கோட்டையின் பெயர் வரலாற்றில் இருமுறை பெரிதாக ஒலித்தது. முதன்முறை, 1823 இல் அமெரிக்க மிசனரிமார் அங்கு நிறுவிய செமினரியினால். இரண்டாம் முறை, 1976 மே 14 ஆம் நாள், பண்ணாகத்திற் கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணி மாநாட்டினால். சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்கள் தலைமையில் அன்று நிறைவேறிய தீர்மானத்தை ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். அவ்வழக்கு இன்றைய பேச்சுக்குரியதன்று. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. இரு திறத்தாரும் வாதத்துக்கு எடுத்துக்கொள்வது அத்தீர்மானத்தின் எழுத்து வாசகத்தையே. கூட்டம் கலைந்துவிடும், சொல் எழுத்தில் நின்றால்தான் பின்வருவோர் அதனை ஆராயலாம்.

இன்று ஊரவர் கூடும் மன்றம் பெரும்பாலும் கணினித் திரையாகிவிட்டது. 2020 இல் கொரோனா நோய் உலகை வீட்டுக்குள் அடைத்த நாள்முதல், பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் சூம் வழியே கூடப் பழகின. வட்டுக்கோட்டையில் இரவு எட்டு மணி ஆகும்போது இலண்டனிற் பிற்பகல், ரொறொன்ரோவிற் காலை, சிட்னியிலோ நள்ளிரவு கடந்துவிடும். எல்லாரும் எல்லாக் கூட்டத்துக்கும் வருதல் இயலாது. வராதவர்க்குப் பதிவே துணை.

ஆனால் அப்பதிவின் நிலை யாது? இரண்டு மணி நேரப் பேச்சு ஒரே நீண்ட படமாகக் கிடக்கின்றது. கிணறு திருத்தப் பணம் ஒதுக்கியது எப்போது என்று அறிய விரும்புபவர், இரண்டு மணி நேரமும் இருந்து கேட்கவேண்டும். எவரும் கேட்பதில்லை. பின்னர் இடம் போதாதென்று அப்பதிவு அழிக்கப்படுகின்றது. அதனோடு, எண்பது வயது முதியவர் ஒருவர் இடையிற் சொன்ன பழைய வாய்க்காலின் வரலாறும் அழிகின்றது.

இக்குறையைப் போக்கும் வழி இப்போது உண்டு. கூட்டம் முடிந்ததும் கணினி தானாகவே பதிவை எடுத்துக்கொள்ளுமாறு அமைக்கலாம். முதலிற் படத்திலிருந்து குரல் பிரிக்கப்படும். பேச்சை எழுத்தாக்கும் பொறிகள் பலவற்றுக்கு, குரலை ஒரு செக்கனுக்கு 16,000 முறை அளந்து பெற்ற எண்களே போதுமானவை. ஒரு மணி நேரக் குரல் இவ்வாறு ஏறத்தாழ 115 மெகாபைற் இடங்கொள்ளும்; சுருக்கிவைத்தால் அதில் ஏழில் ஒரு பங்கினும் அடங்கும். அடுத்து, அந்தக் குரல் எழுத்தாக்கும் பொறிக்குச் செல்லும். 2022 இல் வெளிவந்த விஸ்பர் என்பது அவற்றுள் ஒன்று. தமிழையும் அது எழுதும். எழுதிய ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே நேரக்குறிப்பு நிற்கும். கிணறு என்னுஞ் சொல்லைத் தேடினால், அச்சொல் ஒலித்த கணத்துக்கே சென்று கேட்கலாம். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எண்களை இட்டால், பதிவுகள் தாமே காலவரிசையில் நிற்கும்.

இவ்வளவும் பொறி செய்யும். ஆயினும் பொறி எழுதியதையே அறிக்கையென்று ஏற்றுக்கொள்ளலாகாது. யாழ்ப்பாணத்தார் பேச்சில் ‘செய்யேலும்’ என்றால் இயலும்; ‘செய்யேலாது’ என்றால் இயலாது. பேசுபவரின் மூச்சு இறுதியில் தளர்ந்து ஓரசை மங்கினால், தீர்மானமே தலைகீழாகிவிடும். துணவி, சங்கரத்தை, மூளாய் என்னும் ஊர்ப்பெயர்களைப் பொறி அறியாது வேறு சொற்களாக எழுதவுங் கூடும். எவரும் பேசாத அமைதியில், ஒருவரும் சொல்லாத வாக்கியத்தைத் தானே புனைந்து எழுதுவதும் இத்தகைய பொறிகளிடங் கண்டறியப்பட்ட குறை.

இங்கே வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களை நினைத்தல் பொருந்தும். ஏடெழுதுவோர் கைப்பிழை மலிந்த சுவடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887 இற் கலித்தொகையை அச்சேற்றியவர் அவர். ஓர் ஏட்டில் இருப்பதனாலேயே ஒரு சொல் சரியாகிவிடாது என்பது பதிப்பாசிரியர் அறிவு. சங்கச் செயலாளர்க்கும் அவ்வறிவு வேண்டும். முழுப் பேச்சையும் திருத்த நேரமில்லையாயினும், தீர்மானம், தொகை, ஆட்பெயர், ஊர்ப்பெயர் ஆகிய நான்கையும் குரலோடு ஒப்பிட்டே ஆகவேண்டும். மூலக் குரலை அழிக்கவுங் கூடாது. ஐயம் எழும்போது சான்று அதுவே.

இனி, சேமித்தல். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் சாம்பராயின. ஒரே இடத்தில் ஒரே படி இருப்பது எத்துணை ஆபத்தென்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் வைத்துக் காப்பது இப்படிப்பினையின் பயன் எனலாம். கூட்டப் பதிவுக்கும் மூன்று படிகள் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறு நாட்டில் இருத்தல் நன்று. அப்படிகளைக் கணினி தானாகவே அனுப்பிவைக்கும். ஒவ்வொன்றும் பழுதின்றி இருக்கின்றதா என்பதையும் சரிபார்ப்பெண் கொண்டு காலந்தோறும் சோதிக்கும்.

இறுதியாக ஒன்று. பேசுபவர் அறியாமல் அவர் குரலைக் காத்தல் அறமன்று. இலங்கையில் தனிமனிதர் பற்றிய தரவுகளைக் காக்கும் சட்டமொன்று 2022 இல், 9 ஆம் இலக்கமாக நிறைவேறியது. சட்டம் இல்லாவிடினும் நம் மரியாதை அதனை வேண்டும். கூட்டத் தொடக்கத்திலேயே, பேச்சு பதிவாகின்றது, எழுத்தாகின்றது, இன்னார் அதனைப் பார்ப்பர் என்று தலைவர் அறிவிக்கவேண்டும். குடும்பத் துயரோ பிணக்கோ பேசப்படும்போது பதிவை நிறுத்துதல் தகும்.

உழைப்பைப் பொறியிடம் விடலாம், பொறுப்பை விடலாகாது. பொறி எழுதியதைப் படித்து, திருத்தி, ‘இது நாம் பேசியதே’ என்று அடுத்த கூட்டத்தில் ஒருவர் முன்மொழிய மற்றொருவர் வழிமொழிந்தபின்னரே, அது அச்சங்கத்தின் அறிக்கை ஆகின்றது. அப்பழைய வழக்கத்தைப் புதிய மன்றத்திலும் கைவிடாதிருப்போமாக.