செடியைப் பிடுங்கினால் போதுமா?
(திரியாய்க் கூட்டத்தில் தோட்டப் பள்ளி ஆசிரியையான எமது அமைப்பாளர் ஆற்றிய உரை)



தனமல்வில, சியம்பலாண்டுவ காட்டுச் சேனைகளில் அதிரடிப்படை கஞ்சாவைப் பிடுங்கி எரித்ததாக அடிக்கடி செய்தி வருகிறது. மறுநாள் அந்த வீட்டில் உலை வைத்தார்களா என்று யாரும் எழுதுவதில்லை.

ஆப்கானிஸ்தானில் 2022 ஏப்ரலில் தலிபான் அபினிச் செய்கையைத் தடை செய்தது. 2,33,000 ஹெக்டேயர் மறுவருடமே 10,800 ஆகியது என்கிறது ஐ.நா. பலர் கோதுமை விதைத்தார்கள். அபினி தந்த காசில் பத்தில் ஒரு பங்குகூடக் கோதுமை தரவில்லை. அபினிப் பாலை உலர்த்தி வருடக்கணக்கில் வைக்கலாம். வியாபாரி வீட்டுக்கே வருவான். கத்தரிக்காய்க்கு அப்படியா?

தாய்லாந்தின் டோய் துங் மலையில் 1988இல் வேறு வழி பிடித்தார்கள். கோப்பி காய்க்க மூன்று வருடமாவது ஆகும். அதுவரை காடு வளர்க்கும் வேலை கொடுத்து நாட்சம்பளம் தந்தார்கள். சங்கத்துக்காரி எனக்குப் பிடித்தது அதுதான்!

திரியாய்க்கு இதில் என்ன என்பீர்கள். பயிரை மாற்று என்று விதைப் பையோடு வருகிறவர் எந்த ஊருக்கும் வருவார். கச்சானோ எள்ளோ, கையெழுத்து வைக்குமுன் கேளுங்கள்: முதல் அறுவடை வரை நாட்சம்பளம் யார் தருவது? என்ன விலைக்கு யார் வாங்குவது? காணிக்கு உறுதி எப்போது?