முன்சக்கரத் துள்ளலும் அதனை அடக்கும் வகையும்



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் முழங்குவதே மரபு. அத்தகைய மேடையில் மோட்டார் வண்டியின் சக்கரத்தைப் பற்றிப் பேசுவது தகுமோ என்று சிலர் ஐயுறக்கூடும். இப்பொருளை நாமாகத் தேடி எடுக்கவில்லை. தில்லியில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் சிலர் நம்மிடம் வந்து கேட்டதுதான் இது. "சிக்னலில் பச்சை விளக்கு எரிந்தவுடன் ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதிக்கிறோம். வண்டி பாய்வதற்கு மாறாக, முன்பக்கம் தடதடவென்று அடித்துக்கொள்கிறது. ஸ்டீயரிங் கையை உதறுகிறது. இது எதனால்? இதற்கு மருந்து என்ன?" என்றார்கள். காசும் உயிரும் சம்பந்தப்பட்ட கேள்வி இது. ஆகையால் தட்டிக்கழிக்க மனம் வரவில்லை.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். சக்கரம் பிடிப்பின்றி வழுக்கிச் சுழல்வது வேறு; துள்ளுவது வேறு. வழுக்கும் சக்கரம் ஒரே சீராகச் சுழன்று கீச்சிடும்; டயர் தேயும்; அவ்வளவே. துள்ளும் சக்கரமோ தரையைப் பற்றுகிறது, விடுகிறது, மீண்டும் பற்றுகிறது. ஒவ்வொரு முறை பற்றும்போதும் சம்மட்டியால் அடித்தாற்போன்ற அடி அச்சின்மேல் விழுகிறது.

இத்தொல்லை முன்சக்கர இயக்க வண்டிகளில் ஏன் மிகுதியாகக் காணப்படுகிறது? ஊரில் மாட்டு வண்டி பூட்டியவர்களுக்கு விடை சொல்ல வேண்டியதில்லை. முன்பாரம், பின்பாரம் என்று அவர்கள் பார்த்துப் பார்த்து மூட்டை அடுக்குவார்கள். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலெழும். மோட்டார் வண்டி முன்னோக்கிப் பாயும்போதெல்லாம் அதன் பாரம் பின்னுக்குச் சாய்கிறது. கணக்கிட்டே பார்க்கலாம். 1,000 கிலோ எடையுள்ள வண்டி ஒன்றில் 600 கிலோ முன்சக்கரங்களின்மேல் நிற்கிறது என்று கொள்வோம். முன்பின் அச்சுகளுக்கு இடைத்தூரம் 2.5 மீட்டர், எடை மையத்தின் உயரம் அரை மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் நான்கு பங்கு வேகத்தோடு அது கிளம்பினால், 80 கிலோ முன்னிருந்து பின்னுக்குப் போய்விடும். இழுக்க வேண்டிய சக்கரத்தின்மேல் எஞ்சுவது 520 கிலோ. பின்சக்கர இயக்க வண்டிக்கு இது ஆதாயம். முன்சக்கர இயக்க வண்டிக்கோ, அதிக இழுவை வேண்டிய அதே நொடியில் நேரும் நட்டம். பின் ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டால் பாரம் பின்னுக்குப் போகாது என்று சில பட்டறைகளில் சொல்லுகிறார்கள். இது சரியன்று. வண்டியின் பின்புறம் தாழ்வது குறையலாம்; பின்னே போகும் பாரம் உயரத்தையும் இடைத்தூரத்தையும் பொறுத்ததேயன்றி ஸ்பிரிங்கைப் பொறுத்ததன்று.

பாரம் குறைவதால் மட்டும் துள்ளல் பிறப்பதில்லை, வழுக்கல்தான் பிறக்கும். துள்ளலுக்கு இன்னொன்று வேண்டும். பிடில் வாசிப்பவரின் வில்லை நினைத்துப் பாருங்கள். ரோசனம் தடவிய வில் தந்தியைப் பற்றி இழுக்கிறது. தந்தி ஓரளவு வளைந்து, பின்னர் நழுவித் தன்னிடத்துக்குத் திரும்புகிறது. உடனே வில் மீண்டும் பற்றுகிறது. இந்தப் பற்றலும் நழுவலும் மாறி மாறி நிகழ்வதே நாம் கேட்டு மகிழும் நாதம். காரின் முன்சக்கரத்தில் நடப்பதும் இதுவே. இங்கே தந்தியைப்போல் வளைபவை எவை? டயரின் பக்கச் சுவர், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்கள், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்கள், முறுகும் டிரைவ் ஷாஃப்ட் ஆகிய நான்கும். முதல் கியரில் எஞ்சினின் முறுக்குவிசை பத்து மடங்குக்கு மேல் பெருகித்தான் சக்கரத்தை அடைகிறது. அவ்விசையால் டயர் சுருண்டு முறுகுகிறது. புஷ் நசுங்கிச் சக்கரம் முன்னோக்கி நகர்கிறது. எஞ்சினோ எதிர்த்திசையில் பின்னுக்குச் சாய்கிறது. பிடிப்பு அற்றுப்போகும் கணத்தில் இவையனைத்தும் சேர்த்துவைத்த விசையை ஒருங்கே விடுவிக்கின்றன. சக்கரம் பின்னே தெறிக்கிறது; பற்றுகிறது; மறுபடி முறுகுகிறது. வண்டியின் உடல் தன் ஸ்பிரிங்மேல் நொடிக்கு 1 அல்லது 2 முறைதான் ஆடும். சக்கரமும் அதைச் சேர்ந்த உறுப்புகளுமோ நொடிக்கு 10 முதல் 15 முறை ஆடும் இயல்புடையவை. பற்றலும் நழுவலும் அந்தத் தாளத்தோடு ஒத்துக்கொண்டால் துள்ளல் நொடிக்கு நொடி வளரும். இதனைத் தணிக்க வேண்டியது ஷாக் அப்சார்பர். அது தளர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

பழைய வண்டிகளில் இது இல்லையோ என்று வினவலாம். அம்பாஸடர் போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளில் முழு அச்சும் பட்டை ஸ்பிரிங்மேல் முறுகித் துள்ளும் வாய்ப்பு உண்டு. ஆனால் அவற்றில் அதற்குரிய ஆற்றல் குறைவு. முன்சக்கர இயக்கம் உலகுக்குப் புதிதன்று. பிரான்சின் சித்ரோவன் 1934-இலும், இங்கிலாந்தின் மினி 1959-இலும் அதனைப் பரப்பின. நம் நாட்டில் வீடுதோறும் அதனைக் கொண்டுவந்தது, தில்லிக்கு அருகே குர்காவில் உருவான மாருதி 800. 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி அதன் முதற்சாவியை வழங்கினார். அதன் எஞ்சின் 796 சி.சி.; திறன் 40 குதிரைத்திறனுக்கும் குறைவு. அதனைத் துள்ள வைப்பது எளிதன்று. கோயம்புத்தூர்க் கரிவரதன் அந்த எஞ்சினை எடுத்து ஃபார்முலா மாருதி என்னும் பந்தய வண்டியை அமைத்தபோது அதனை ஓட்டுநருக்குப் பின்னே வைத்தார். பாரம் எங்குச் சாயும் என்பதை அறிந்தவர் அவர்.

இன்றைய நிலை வேறு. 2016-இல் இங்கு விற்பனைக்கு வந்த போலோ ஜி.டி.ஐ.யின் திறன் 192 குதிரைத்திறன். 2020-ஆம் ஆண்டில் கிரேட்டர் நொய்டா வாகனக் கண்காட்சியில் வைக்கப்பட்ட ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245-இன் பெயரே அதன் திறனைச் சொல்லும். அத்தனையும் இரண்டு முன்சக்கரங்கள் வழியாகவே தரையை அடைய வேண்டும். அதனால்தான் அதன் தயாரிப்பாளர்கள், நழுவலைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல் ஒன்றை மின்னணு முறையில் அதில் பொருத்தினார்கள். இவ்வளவு விலையுள்ள வண்டிகள் நம்மில் சிலரிடமே உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் செய்வது என்னவெனில், சாதாரண வண்டியின் மின்னணு மூளையை ரீமேப் என்ற பெயரில் திருத்தி எழுதி, முறுக்குவிசையைக் கூட்டுவது. கூடிய விசையைத் தாங்கும் ரப்பரோ பழைய ரப்பர்!

தில்லியின் மே மாத வெயிலையும் சனவரிக் குளிரையும் ஆண்டுதோறும் தாங்கும் ரப்பர் எப்படி இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். நண்பர் ஒருவரின் மகன் ஓட்டும் வண்டியைப் பார்க்க நேர்ந்தது. ஏழாண்டு ஓடியது. தம்பி அதற்கு அகலமான டயரும் பெரிய அலாய் சக்கரமும் பூட்டி, ரீமேப்பும் செய்து, துள்ளல் தாங்காமல் காஷ்மீரி கேட் கடைகளில் பாலியூரித்தேன் மவுண்ட்களுக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தார். வண்டியை ஜாக்கில் தூக்கித் தாங்கிகளின்மேல் நிறுத்தி, லோயர் ஆர்மின் பின்புற புஷ்ஷைக் கடப்பாரையால் நெம்பினோம். ரப்பர் இரும்பை விட்டுக் கிழிந்து, ஆர்ம் விரல் அளவு நகர்ந்தது. இருபுறமும் தயாரிப்பாளரின் புதுப் புஷ் போட்டு, சக்கர அலைன்மென்ட் சரிபார்த்து, டயரில் காற்றைக் குறித்த அளவுக்கு ஏற்றினோம். துள்ளலில் பெரும்பங்கு மறைந்துவிட்டது. தம்பிக்கு நிறைவில்லை. எஞ்சின் பின்னுக்குச் சாய்வதைத் தடுக்கும் கீழ் மவுண்ட்டை மட்டும் கடினமானதாக மாற்றிக்கொண்டார். மறுநாள் அவருடைய தாயார் முன்னிருக்கையில் அமர்ந்து சிக்னலில் வண்டி நின்றபோது, "இது காரா, மாவு மில்லா?" என்று கேட்டாராம். பழைய மவுண்ட் மறுபடி ஏறியது.

அந்த அம்மையார் கேட்டதில் பொறியியல் இருக்கிறது. ரப்பர் வைத்தது அறியாமையால் அன்று. எஞ்சினின் நடுக்கமும் சாலையின் குலுக்கலும் உள்ளே வராமல் இருக்கவே. பாலியூரித்தேன் அந்த நெகிழ்வைக் குறைக்கும், துள்ளலும் குறையும், நடுக்கம் உள்ளே புகும். பந்தய வண்டிக்கு அது பொருட்டன்று. அலுவலகத்துக்கும் காய்கறிச் சந்தைக்கும் செல்லும் வண்டிக்கு அது பொருட்டே. ஆகவே முதலில் தேய்ந்ததை மாற்றுங்கள். பிறகு, தேவையானால், ஒரு வேளைக்கு ஒன்றாக இறுக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பயன் தந்தது என்பது தெரியாமலே போகும். கீழ் மவுண்ட், அதன்பின் லோயர் ஆர்ம் புஷ், அதன்பின் நல்ல ஷாக் அப்சார்பர் என்பது நாம் சொல்லும் வரிசை. டிஃபரென்ஷியல் கடைசி. பளு குறைந்த சக்கரம் தனியே சுழன்றோடுவதை அது தடுக்கும். முறுகும் ரப்பரை அது தடுக்காது. செலவோ மிகப் பெரிது. கனமான அலாய் சக்கரத்தைக் கழற்றி வைப்பது செலவில்லாத வைத்தியம். சக்கரம் கனத்தால் ஷாக் அப்சார்பருக்கு வேலை கூடும்.

இவற்றுக்கெல்லாம் முந்திய மருந்து ஓட்டுபவரின் வலது காலில் இருக்கிறது. துள்ளல் தொடங்கிய கணமே காலைத் தளர்த்தினால் முறுக்கு விடுபட்டு அது அடங்கிவிடும். தளர்த்தாமல் மேலும் மிதித்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டு உடையலாம். கியர்பெட்டியின் உள்ளே பற்கள் சிதறலாம். முன்சக்கர இயக்க வண்டியில் இழுப்பதும் திருப்புவதும் அதே சக்கரங்களே. துள்ளும் சக்கரம் தரையில் நில்லாத நேரத்தில் ஸ்டீயரிங் சொன்னபடி கேளாது. பக்கத்தில் ஸ்கூட்டரில் குழந்தையோடு ஒருவர் நின்றால் என்ன ஆகும்?

பொதுச்சாலையில் வேகப் போட்டியிடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதற்குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. தயாரிப்பாளர் தந்த அடிப்படை அமைப்பை மாற்றலாகாது என்பதையும் உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு சனவரியில் வலியுறுத்தியது. புதுப் புஷ் போடுவதில் அந்தத் தடை ஏதுமில்லை. எஞ்சினின் திறனை மாற்றி எழுதுவோர்தாம் யோசிக்க வேண்டும். வேகத்தைச் சோதித்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு, 2011 முதல் 2013 வரை ஃபார்முலா 1 பந்தயம் நடந்த புத்தா ஓடுதளம் கிரேட்டர் நொய்டாவில் இருக்கிறது. விடுமுறையில் ஊருக்குப் போனால் கரிவரதன் பெயர் தாங்கிய ஓடுதளம் கோவையில் இருக்கிறது. அனுமதி கிடைக்கும் நாளில், தலைக்கவசத்தோடு அங்கே போகட்டும்.

மவுண்ட் தளர்ந்திருக்கிறதா என்று வீட்டிலேயே அறியும் வழி ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். பானெட்டைத் திறந்து வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, கால்பிரேக்கையும் ஒருவர் அழுத்திக்கொண்டு, முதல் கியரில் கிளட்ச்சைச் சிறிதே விட வேண்டும். பிறகு பின்கியரிலும் அவ்வாறே. எஞ்சின் சற்றே அசைவது இயல்பு. தூக்கிப் போட்டாற்போல் எழுந்து விழுந்தால் மவுண்ட் போய்விட்டது என்று பொருள். பார்ப்பவர் வண்டியின் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னேயும் பின்னேயும் ஒருவரும் நிற்கலாகாது. ஐயமுள்ள வண்டிகள் வெளியே நின்றால், விழா முடிந்ததும் சாவியோடு வாருங்கள். ஜாக்கும் கடப்பாரையும் கொண்டுவந்திருக்கிறோம்.