வெள்ளை பூத்த கிட்டார்



இன்று ஒரு கிட்டாரைப் பற்றிப் பேசப் போகிறேன். என் அவசரத்தைப் பற்றியும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் கடலோரப் பங்கு ஒன்றில் பணியாற்றினேன். அங்கே வயதான மரவேலைக்காரர் ஒருவர் இருந்தார். ஊரார் அவரை மேஸ்திரி என்றுதான் அழைப்பார்கள். கோவில் பெஞ்சுகள், பாவசங்கீர்த்தனத் தொட்டி எல்லாம் அவர் கைவேலை. அவருடைய பேத்தி பாடகர் குழுவில் இரவல் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துப் பொறுக்காமல், "சாமி, பிள்ளைக்கு நானே ஒண்ணு செஞ்சு தர்றேன்" என்றார்.

முகப்பலகை ஸ்ப்ரூஸ், முதுகும் பக்கங்களும் ஈட்டி. மாதக்கணக்கில் இழைத்தார். அக்டோபர் கடைசியில் கம்பி மாட்டித் தட்டிக் காட்டினார். நாதம் அருமையாக இருந்தது. "பிறகென்ன மேஸ்திரி, பாலிஷ்தானே பாக்கி? கிறிஸ்மஸுக்கு வந்துவிடும்" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். அடுத்த ஞாயிறே, நள்ளிரவுத் திருப்பலியில் புதுக் கிட்டார் ஒலிக்கும் என்று பீடத்தில் நின்று அறிவித்துவிட்டேன்.

'பாலிஷ்தானே' என்று சொன்னேன் பாருங்கள், அந்த வார்த்தையைத் திரும்பப் பெற முடிந்தால் பெற்றிருப்பேன்.

மேஸ்திரி பூசத் தேர்ந்தெடுத்தது அரக்கு. நம் நாட்டுப் புரசு, இலந்தை மரக்கிளைகளில் சின்னஞ்சிறு பூச்சிகள் சுரக்கும் அதே அரக்குதான். அதைச் சுத்தம் செய்து செதிலாக விற்கிறார்கள். ஸ்பிரிட்டில் கரைத்து, துணிக்குள் பஞ்சு வைத்த பந்தால் மெல்லியதாக நூறு தடவை, இருநூறு தடவை தேய்க்க வேண்டும். ஸ்பெயின் நாட்டுக் கிட்டார் கைவினைஞர்கள் காலங்காலமாகச் செய்துவரும் முறை இது. தடித்த பூச்சு முகப்பலகையின் அதிர்வை அமுக்கிவிடும். அரக்கு அப்படிச் செய்யாது.

முதல் சிக்கல் ஈட்டியில் வந்தது. அதன் துவாரங்கள் பெரியவை. நுரைக்கல் தூள் வைத்து அடைத்துத் தேய்த்தார். கண்ணாடி போல் மின்னியது. 10 நாள் கழித்துப் பார்த்தால் பூச்சு உள்ளே இறங்கி, அம்மைத் தழும்பு போல் குழிகள். மறுபடி முதலிலிருந்து.

அதற்குள் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. ஸ்பிரிட் வேகமாக ஆவியாகும்போது பலகையின் மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், அது அங்கே படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். ஒரு மாலையில் முகப்பலகை முழுவதும் பால் தெளித்தது போல் வெள்ளை பூத்துவிட்டது. "மழை நிக்கட்டும் சாமி" என்றார். நானோ நாள்காட்டியைக் காட்டினேன்.

பாவம், அவர் என்ன செய்வார்? மழையில் புதுச் செதில் வாங்க டவுனுக்குப் போக முடியவில்லை. போன வருடத்துக்கும் முந்தைய வருடம் கரைத்து வைத்த பாட்டிலை எடுத்தார். கரைத்த அரக்கு நாள்பட்டால் ஸ்பிரிட்டோடு சேர்ந்து தன்மை மாறிவிடும். பிறகு எத்தனை நாளானாலும் இறுகாது. இது அவருக்குத் தெரியாததல்ல. டிசம்பர் 20 வாக்கில் பட்டறைக்குப் போனேன். கிட்டார் பளபளவென்று தொங்கியது. "காய்ந்துவிட்டதே!" என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். என் ரேகை அப்படியே பதிந்துவிட்டது.

மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

ஃபர்னிச்சர் பட்டறையில் ஸ்பிரே அடிக்கும் அவருடைய மருமகன், "மாமா, எல்லாத்தையும் சுரண்டிட்டு பாலியூரித்தேன் அடிச்சிரலாம். ஸ்பிரிட் ஊத்தினாலும் அசையாது" என்றார். மேஸ்திரி சொன்ன பதில் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "அசையாதுதான் மாப்பிள்ளை. நாளைக்கு ஒரு கீறல் விழுந்தா, மேல பூசினது கீழ இருக்கிறதோட ஒட்டிக் கலக்காதே. அரக்கு அப்படியா? ஸ்பிரிட் பட்டா பழசும் இளகும், புதுசும் பழசும் ஒண்ணாயிரும்."

எரேமியா இறைவாக்கினர் குயவர் வீட்டுக்குப் போனதை நாம் அறிவோம். கையில் கெட்டுப்போன மண்ணை, ஈரமாக இருந்ததால், குயவர் வேறு கலமாக வனைந்தார். அது 18ஆம் அதிகாரம். அடுத்த அதிகாரத்தில் சுட்ட சாடி ஒன்று வருகிறது. அது உடைந்தால் உடைந்ததுதான். இவ்விரு அதிகாரங்களையும் நான் சேர்த்து வாசித்தது அந்தப் பட்டறையிலிருந்து திரும்பிய இரவில்தான்.

அந்தக் கிறிஸ்மஸ் இரவில் இரவல் கிட்டார்தான் ஒலித்தது. பேத்தி தாத்தாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தோழிகளிடமெல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாளாம். ஊராரும் மேஸ்திரிக்கு வயதாகிவிட்டது என்றார்கள். அடுத்த ஞாயிறு, அறிவிப்புச் செய்த அதே இடத்தில் நின்று, தாமதத்துக்குக் காரணம் மேஸ்திரி அல்ல, நான்தான் என்றேன். சொல்வதற்கு எளிதாக இல்லை. பூசை முடிந்து பேத்தி என்னிடம் வந்து, "அப்போ தாத்தா ஏன் சாமி என்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

தை பிறந்து காற்று உலர்ந்தது. காலைப் பனி விலகியபின், நண்பகல் முதல் 3 மணி வரை மட்டும் வேலை. இளகிய பூச்சை ஸ்பிரிட்டால் துடைத்தெடுத்து, புதுச் செதில் கரைத்து, தாத்தாவும் பேத்தியும் மாறிமாறித் தேய்த்தார்கள். எட்டுப் போடுவது போல் பந்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் நின்றால் அங்கேயே ஒட்டிப் பிய்த்துவிடும். அவள் இரண்டு முறை நிறுத்திவிட்டாள். "பரவால்ல பாப்பா, இதையும் இளக்கிரலாம்" என்றார்.

பூச்சு இறுகித் தயாரானபோது சாம்பல் புதன் வந்துவிட்டது. தவக்காலத்தில் இசைக்கருவிகளைப் பாட்டுக்குத் துணையாக மட்டுமே பயன்படுத்துவோம் அல்லவா? அதனால் புதுக் கிட்டாரை உயிர்ப்புப் பெருவிழாவுக்கே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். இம்முறை அந்த நாளைக் குறித்தவர் மேஸ்திரி. நான் வாய் திறக்கவில்லை. பாஸ்கா இரவில் வானவர் கீதத்துக்கு அது ஒலித்தது.

பிறகு ஒருநாள் அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். என் கட்டைவிரல் பதிந்த இடம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மேஸ்திரி சிரித்துக்கொண்டே, தொடாமல், விரலை ஓர் இடத்துக்கு நேரே நீட்டினார்.