மூன்றாண்டும் ஏழாண்டும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு எவர் நினைவில் நடக்கிறதோ, அந்த அம்மாள் மேற்குத் தாம்பரத்தில் தம் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்துப் பாட்டுச் சொல்லித் தந்தவர். உள்ளே குழம்பு கொதிக்கும். அவர் கை தொடையில் ஆதி தாளம் போடும். இசையில் பட்டப்படிப்புச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லி நமஸ்காரம் செய்தபோது, "நன்னாப் படி. ஆனா பரீட்சைக்குன்னு பாடிடாதே" என்றார். உறவினர்கள் கேட்டது வேறு: "பட்டம் வாங்கினா பாட்டு வந்துடுமா?"

வராது. அந்தப் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் கேள்வியே பிசகு என்பது என் கட்சி.

பல்கலைக்கழகத்துக்குள் பாட்டு நுழைந்த காலமும் நம் தாம்பரம் ரயில் பாதைக்கு மின்சாரம் வந்த காலமும் ஒன்றுதான். 1927 டிசம்பரில் சென்னைக் காங்கிரஸ் மகாநாட்டை ஒட்டி அகில இந்திய இசை மாநாடு கூடியது. அதன் விளைவாக மறு ஆண்டு மியூசிக் அகாதெமி பிறந்தது. 1929-இல் சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கினார். 1931 மே மாதம் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறை வந்தது. அதன் தலைமைக்கு டைகர் வரதாச்சாரியாரை அழைத்தார்கள். குரல் இனிமைக்குப் பெயர் போனவரல்ல அவர். கற்பனைக்குப் பெயர் போனவர். பல்கலைக்கழகம் முதலில் தேடியது எதை என்பதற்கு எனக்கு இந்த ஒரு நியமனமே போதும்.

பாடத்திட்டம் என்ற ஒன்றுக்கு உருவம் கொடுத்தவர்களில் பி. சாம்பமூர்த்தி தலையானவர். ராணி மேரிக் கல்லூரியில் பெண்களுக்குப் பாடம் நடத்தியவர். மியூனிக் சென்று மேற்கத்திய இசையும் படித்து வந்தவர். தென்னிந்திய இசை பற்றி ஆறு பாகங்களாக அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இல்லாமல் எங்கள் தலைமுறையில் யாரும் தியரி பரீட்சை எழுதியதில்லை. 1949-இல் அரசாங்கமே கர்நாடக இசைக்கு ஒரு மத்தியக் கல்லூரி வைத்து முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராக்கியது. இன்று பிராடி மாளிகையில் இருக்கும் அரசு இசைக் கல்லூரி அதுதான். 2013-இல் இசைக்கும் கவின்கலைக்கும் தனிப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது.

குருகுலத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் குருவின் வீட்டில் யாருக்கு இடம் கிடைத்தது? பெரும்பாலும் பையன்களுக்கு, அதிலும் குலம் பார்த்து, உறவு பார்த்து. கல்லூரிக் கதவு அவர்களுக்கு மட்டும் என்று இருக்கவில்லை. பல்லாவரத்துத் தையற்காரர் மகளும் குரோம்பேட்டை குமாஸ்தா மகளும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து வர்ணம் பாடியதை என் வகுப்பில் பார்த்தேன். பட்டப்படிப்புக்காக வாதாட எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

சரி, உள்ளே என்னதான் கற்றோம்? ஒன்றை மட்டும் சொல்கிறேன். மேளகர்த்தா என்னும் தாய் ராகங்கள் எழுபத்திரண்டு. பெயரின் முதலிரண்டு எழுத்தை எண்ணாக்கித் திருப்பிப் போட்டால் மேளத்தின் வரிசை எண் வரும். தீரசங்கராபரணத்தில் 'தீ' ஒன்பது, 'ர' இரண்டு; திருப்பினால் 29. மேசகல்யாணியில் 'மே' ஐந்து, 'ச' ஆறு, திருப்பினால் 65. இரண்டுக்கும் இடையே 36. மத்தியமத்தை மட்டும் மாற்றினால் சங்கராபரணம் கல்யாணியாகிவிடும். திண்ணையில் இரண்டையும் பாடியிருந்தேன். இந்த உறவை வகுப்பில்தான் கண்டேன். அதைவிட வியப்பு, எழுபத்திரண்டு என்று கணக்குப் போட்ட வேங்கடமகி தம் காலத்தில் வழக்கில் கண்டவை பத்தொன்பது மேளங்கள்தாம் என்பது. பாட்டு வருமுன் அதற்கு வீடு கட்டி வைத்த மனிதர்! மேடையில் பாடுபவருக்கு இது தெரிய வேண்டிய கட்டாயமில்லை. சொல்லிக்கொடுப்பவருக்கும், கேட்டு எழுதுபவருக்கும் தெரிந்தாக வேண்டும். பட்டப்படிப்பு உருவாக்க வேண்டியது அவர்களைத்தான்.

ஆனாலும் ஒரு குறை உண்டு; அதை மறைத்தால் அம்மாளுக்கு நான் செய்யும் மரியாதை ஆகாது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டில் அரங்கேறுகிறாள். அரங்கேற்று காதை அவளுடைய இசையாசிரியனுக்கும் யாழாசிரியனுக்கும் குழலோனுக்கும் தனித்தனியே இலக்கணம் சொல்கிறது. நமக்கோ மூன்றே ஆண்டு. அதிலும் தாம்பரத்திலிருந்து போகிறவருக்கு ரயிலும் பேருந்துமாக நாளில் மூன்று மணி நேரம் கழிந்துவிடும். நான் படித்த இடத்தில் முப்பது பேருக்கு இரண்டு தம்பூரா. ஒன்றில் எப்போதும் தந்தி அறுந்திருக்கும். வீட்டுக்கு வந்து அகார சாதகம் செய்தால் அடுத்த ஃபிளாட்டில் கதவைத் தட்டுவார்கள். விடியற்காலை சாதகம் என்பது அடுக்குமாடியில் நடக்காத காரியம். பரீட்சைக்குப் பாடுவது என்று அம்மாள் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது: சாதகத்துக்கு இடமில்லாதவர் வைவாவில் கேட்கும் நாலு கிருதியை மட்டும் மெருகேற்றிக்கொண்டு போவார்.

இந்தக் குறையைத் தீர்க்க இந்த அறக்கட்டளையால் முடியும். அறக்கட்டளை என்றதும் ஜான் ரீட் நினைவு வருகிறார். ராணுவ ஜெனரல், புல்லாங்குழல் வாசிப்பவர். அவர் விட்டுப்போன சொத்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1839-இல் இசைப் பேராசிரியர் பதவி அமைந்தது. ஆண்டுதோறும் ஒரு கச்சேரி நடக்க வேண்டும், அதில் தாம் இயற்றிய உருப்படியும் இடம்பெற வேண்டும் என்று உயிலில் நிபந்தனையும் போட்டிருந்தார். கொடுத்தவருக்கு அந்த ஆசைகூட இருக்கக் கூடாதா என்ன!

நம் அம்மாள் எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. அதனால் நான் ஒன்று வைக்கிறேன். அறக்கட்டளைக் குடும்பத்தாரே, தாம்பரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுங்கள். ஒரு ஜமக்காளம், சுருதி சேர்த்த இரண்டு தம்பூரா, காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறக்க ஓர் ஆள். இசை படிக்கிற பிள்ளைகள் ரயிலேறுமுன் ஒரு மணி நேரம் தொண்டை திறந்து பாடிவிட்டுப் போகட்டும். இன்று எனக்குத் தருவதாக உள்ள மதிப்பூதியக் கவரை நான் பிரிக்கப்போவதில்லை. அந்த அறையின் முதல் மாத வாடகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.