மூக்குக்கு ஊசியா, ஆபரேஷனா?

(புதுச்சேரியில் நடந்த கூட்டமைப்பு மாதாந்திரக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு என்று தூரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். சேமிப்பு, கடன் தவணை, வங்கி இணைப்பு எல்லாம் பேசி முடித்த பிறகு மூக்கைப் பற்றி என்ன பேச்சு என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. காரணம் இருக்கிறது. சில மாதங்களாக உள்கடன் மனுக்களில் ஒரு புதுக் காரணம் எட்டிப் பார்க்கிறது. "மகளுக்கு மூக்கு ட்ரீட்மென்ட்." பெண் பார்க்க வந்தவர்கள் மூக்கு சப்பை என்று சொல்லிவிட்டார்களாம். டவுனில் ஓர் இடத்தில் அரை மணி நேரத்தில் ஊசி போட்டே நிமிர்த்திவிடுகிறார்களாம். ஆபரேஷன் வேண்டாம், ரத்தம் வேண்டாம், மறுநாளே வேலைக்குப் போகலாமாம். கடன் கொடுப்பதா வேண்டாமா என்று ஊக்குநர்கள் எங்களைக் கேட்டார்கள். விஷயம் தெரியாமல் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடக்கூடாது என்பதால் இன்று பேசுகிறோம்.

முதலில் ஒன்று. மூக்கை மாற்றிக்கொள்வது ஏதோ சினிமா நடிகைகள் கண்டுபிடித்த ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். மூக்கு போனால் மானம் போச்சு என்று நம் ஊரில் சொல்வது சும்மா இல்லை. திருமலை நாயக்கர் காலத்தில் மைசூர்ப் படை மதுரைச் சீமைக்குள் புகுந்து அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்தது. அதற்கு மூக்கறுப்பு யுத்தம் என்றே பெயர். அதன்பின் 1792-ல் முடிந்த மைசூர்ப் போரில், ஆங்கிலேயர் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவரைத் திப்புவின் ஆட்கள் பிடித்து மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். புனே பக்கத்தில் ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். அவர் பெரிய டாக்டர் இல்லை, செங்கல் சூளை வேலை செய்யும் சாதிக்காரர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மெழுகைத் தட்டி மூக்கு அளவுக்கு அச்சு எடுத்து, அதை நெற்றியில் பரப்பி, அந்த அளவுக்குத் தோலை அறுத்து, இரண்டு புருவத்துக்கு நடுவில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்க விட்டு, கீழே திருப்பி மூக்காகப் பொருத்தினார். 1794 அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் இது படத்தோடு வந்தது. அதைப் படித்து கார்ப்யூ என்ற டாக்டர் 1814-ல் லண்டனில் அதே மாதிரி செய்தார். இன்றைக்கும் விபத்திலோ புற்றுநோயிலோ மூக்கை இழந்தவர்களுக்கு நெற்றித் தோலை எடுத்து மூக்கு அமைக்கிறார்கள். சுஸ்ருதர் காலத்திலேயே மூக்கு ஒட்டும் வித்தை நம் நாட்டில் இருந்தது. ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை. எது நமக்குத் தேவை, எதில் ஆபத்து என்பதுதான் கேள்வி.

இப்போது இந்த ஊசிக்கு வருவோம். இதை ஃபில்லர் என்கிறார்கள். பெரும்பாலும் ஹயலுரோனிக் அமிலம் என்ற பொருளால் ஆன கூழ். நம் உடம்பிலேயே இருக்கிற பொருள்தான். தோலுக்கு அடியில் செலுத்தினால் அந்த இடம் மேடாகும். மேடாக்க மட்டும்தான் முடியும், குறைக்க முடியாது. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சப்பை மூக்கின் தண்டைக் கொஞ்சம் உயர்த்தலாம். நடுவில் எலும்பு துருத்தி இருந்தால் மேலும் கீழும் நிரப்பி மறைக்கலாம். ஆனால் மூக்குத் துவாரம் அகலமாக இருக்கிறது, நுனி பெரிதாக இருக்கிறது என்றால் ஊசி உதவாது. மூச்சு அடைப்புக்கும் உதவாது. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் பெரும்பாலும் கரைந்து போய்விடும். மறுபடியும் போட வேண்டும்.

கணக்குப் பாருங்கள், நாம் கணக்கில் கெட்டிக்காரிகள். ஒரு தடவைக்கு 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷா வருஷம் போட்டால் ஐந்து வருஷத்தில் 1,25,000 ரூபாய். ஆபரேஷனுக்கு ஒரே தடவையில் அதற்குப் பக்கத்தில் ஆகலாம், கூடவும் ஆகலாம். இதில் வட்டி சேர்க்கவில்லை.

பணத்தை விடுங்கள். பயப்பட வேண்டியது வேறு. முகத்தில் ஃபில்லர் போடுகிற இடங்களில் மூக்கு மிக ஆபத்தான ஒன்று. மூக்கின் மேலே ஓடும் சின்ன ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்பு உள்ளவை. ஊசி முனை தவறி அந்தக் குழாய்க்குள் கூழ் போய்விட்டால், ரத்தம் ஓடும் வழி அடைபடும். மூக்குத் தோல் வெளுத்து, பிறகு கறுத்து, அழுகிப் போகலாம். அழுத்தத்தில் கூழ் பின்னோக்கிப் போய்க் கண்ணின் குழாயை அடைத்தால் பார்வை போகும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சரி செய்யாவிட்டால் திரும்புவது கஷ்டம். 2015-ல் உலகம் முழுவதிலிருந்தும் தொகுத்த ஓர் ஆய்வில், முகத்தில் இப்படி ஊசி போட்டுப் பார்வை பாதித்த 98 பேரில் நான்கில் ஒருவருக்கு ஊசி போட்ட இடம் மூக்குப் பகுதி. அடிக்கடி நடப்பதில்லை, அபூர்வம்தான். ஆனால் நடந்தால் கண்ணே போய்விடும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கன்னம், உதடு என்று பல இடங்களுக்கு ஃபில்லரை அனுமதித்திருக்கிறது. மூக்குக்கு அனுமதி கொடுக்கவில்லை. டாக்டர்கள் தங்கள் பொறுப்பில் போடுகிறார்கள்.

இந்தக் கூழைக் கரைக்க ஒரு மருந்து உண்டு, ஹயலுரோனிடேஸ் என்று பெயர். போடுகிறவர் கையில் அது தயாராக இருக்க வேண்டும். "அந்த மருந்து இங்கே இருக்குதா, காட்டுங்க" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். பியூட்டி பார்லரில் போடவே கூடாது. தோல் மருத்துவத்தில் எம்.டி., அல்லது பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். படித்த டாக்டரா என்று பார்க்க வேண்டும். அழகு அறுவை சிகிச்சையை முறையாகப் பயிற்சி பெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும், யூட்யூப் பார்த்துக் கற்றுக்கொண்டதெல்லாம் பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் சொல்லியிருக்கிறது. சிலிகான் திரவம், "ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் நிற்கும்" என்கிற ஊசி என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். அது கரையாது, எடுக்கவும் முடியாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் எந்த ஃபில்லரும் போடக்கூடாது.

ஊசி போட்ட பிறகு கடுமையாக வலித்தாலோ, தோல் வெள்ளையாகவோ நீலத் திட்டாகவோ மாறினாலோ, கண் மங்கினாலோ "காலையில் பார்க்கலாம்" என்று படுக்கக்கூடாது. ஊசி போட்டவரிடம் அந்த நிமிஷமே போக வேண்டும். அவர் இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு.

ஆபரேஷன் மட்டும் சுலபமா? அதுவும் இல்லை. பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். ஒரு வாரம் மூக்கில் பட்டை. வீக்கம் பெரும்பாலும் சில மாதத்தில் வடியும், நுனி சரியான வடிவத்துக்கு வர ஒரு வருஷம் ஆகும். திருப்தி இல்லாமல் இரண்டாம் முறை செய்துகொள்பவர்களும் உண்டு. பருவ வயதில் மூக்கு வளர்ந்து முடியாமல் செய்யக்கூடாது. 2024 ஏப்ரலில் நம் புதுச்சேரிப் பிள்ளை ஒருவர் உடல் எடை குறைக்கும் ஆபரேஷனுக்குச் சென்னை போய் அங்கே இறந்துபோன செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆஸ்பத்திரியின் அனுமதியைத் தமிழக அரசு தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. அது மூக்கு ஆபரேஷன் இல்லை. ஆனாலும் மயக்க மருந்து டாக்டர் யார், அவசரம் என்றால் ஐ.சி.யூ. உண்டா என்று எந்த ஆபரேஷனுக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் எங்கள் கருத்து என்ன என்கிறீர்களா? மூக்கு உள்ளே வளைந்து மூச்சு விட முடியவில்லை, அடிபட்டு உடைந்துவிட்டது, பிறவியிலேயே உதட்டுப் பிளவோடு மூக்கும் ஒருக்களித்திருக்கிறது, தொழுநோயால் மூக்கு அமுங்கிவிட்டது என்றால் அது அழகுக் காரியம் இல்லை, வைத்தியம். அதற்கு ஊசியைத் தேடி ஓட வேண்டாம். இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் காட்டுங்கள். கோரிமேடு ஜிப்மரில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவே இருக்கிறது. உதட்டுப் பிளவுக் குழந்தை என்றால் அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள், 18 வயது வரை பிறவிக் குறைகளைப் பார்க்கும் அரசுத் திட்டம் 2013 முதல் இருக்கிறது. இந்த மாதிரிக் கடன் மனு வந்தால் குழு தாராளமாகக் கொடுக்கலாம், பஸ் செலவுக்கும் சேர்த்து.

வெறும் அழகுக்கு என்றால் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டு அட்டை செல்லாது. ஜி.எஸ்.டி. வரியும் உண்டு. பிறவிக் குறைக்கும் விபத்துக்கும்தான் அந்த வரியில் விலக்கு. அந்தப் பெண்ணுக்கு 18 வயது ஆகி, அவளே விரும்பி, சொந்தச் சம்பாத்தியத்தில் செய்வதைத் தடுக்க நாம் யார்? அப்படிச் செய்தால் கூட, முதலில் ஊசி போட்டு ஒத்திகை பார்க்கிறேன் என்று போக வேண்டாம், நல்ல டாக்டர் இருவரிடம் கருத்துக் கேட்டு முடிவு செய்யட்டும் என்றுதான் சொல்வோம். ஆனால் "மாப்பிள்ளை வீட்டில் சொல்றாங்க, கல்யாணத்துக்குள்ள போட்டாகணும்" என்று அம்மா கேட்டு வருகிற கடனை எங்கள் குழுக்கள் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் முடிவு. அது வரதட்சணையின் இன்னொரு தவணை. இன்றைக்கு மூக்கு, நாளைக்கு நிறம். அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, "உனக்கு வேணுமாம்மா?" என்று ஊக்குநர் ஒரு தடவை கேளுங்கள். பதிலைத் தீர்மான நோட்டில் எழுத வேண்டாம், நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

கடைசியாகப் பாகூர் அக்கா ஒருவர் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்வி. மூக்குத்தி இழுபட்டுத் துவாரம் கிழிந்துவிட்டதாம், அதற்கும் ஃபில்லர் போடலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் அக்கா. அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்துத் தையல் போடுவார்கள், அரசு மருத்துவமனையிலேயே கேட்கலாம். புண் நன்றாக ஆறிச் சில மாதம் கழித்து, பழைய தழும்பு மேல் குத்தாமல் கொஞ்சம் தள்ளிக் குத்திக்கொள்ளுங்கள். காது குத்தின இடத்தில் சதை தடித்து வளர்ந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூக்கிலும் அப்படி வளரலாம்.